அரைப் பாகை

ஐம்பத்தெட்டு நாளாய் இந்தத் தீவுக்குச் சூரியன் வரவில்லை.
நார்வே முடிகிற இடம். அப்புறம் கடல், அப்புறம் பனி.
கோட்டைச் சுவர்மேல் நிற்கிறேன்,
பூட்ஸுக்குள் ஆட்டுரோமம் திணித்து,
பீரங்கிக் கயிற்றைக் கையுறையில் சுற்றி.
விதி எளிது: வட்டம் முழுசாய்க் கடல்மேல் உட்கார்ந்தால்
நான் சுட வேண்டும்.
சுட்டால் பள்ளிக்கூடம் விடுமுறை.
முக்கால் வட்டத்துக்கு விடுமுறை கிடையாது.

பதினாலு வருஷம் சுட்டிருக்கிறேன்.
ஒரு வருஷம் மேகம், நாலாம் நாள்தான் சுட்டேன்.
ஒரு வருஷம் மருந்து நனைந்து, பீரங்கி வெறுமனே இருமிற்று.
இந்த வருஷம் திங்கட்கிழமை ஒரு கடிதம்.
கட்டம் போட்ட தாள், அளவுகோல் வைத்த கோடுகள்.

"சார்ஜென்ட் தூர்பியோர்ன் அவர்களுக்கு,
பத்தாம் வகுப்பு ரன்வேய்க் எழுதுவது.
வெற்றிடத்திலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி
செங்குத்துக்கோட்டை நோக்கி வளைகிறது. படம் பார்க்க.
தொடுவானத்தில் அந்த வளைவு அரைப் பாகைக்குச் சற்று மேல்.
சூரியனின் அகலமும் அரைப் பாகைதான்.
ஆகவே முழு வட்டமும் கடல்மேல் இருப்பதாக நீங்கள் பார்க்கையில்
முழு வட்டமும் கடலுக்குக் கீழே இருக்கிறது.
இதுவரை நீங்கள் மரியாதை செலுத்தியது
இன்னும் வராத ஒருவருக்கு."
அடியில், சின்ன எழுத்தில்:
"இதற்காக விடுமுறையை நிறுத்திவிட வேண்டாம்."

கண்ணாடியின் கணக்கு எனக்குத் தெரியும்.
வந்த கோணத்திலேயே திரும்பிப் போகும்,
கடன் கேட்டு வரும் என் மைத்துனர் மாதிரி.
மீன் ஆலையின் மேல்மாடி ஜன்னல்
மார்ச்சில் கால்மணி நேரம்
என் வீட்டு வடக்கு மூலைக்கு வெயில் அனுப்புகிறது.
யாருடைய வெயில் என்று நான் விசாரித்ததில்லை.
ஈரக் கையுறைகளை அங்கே தொங்கவிடுவேன்.

தண்ணீரின் கணக்குதான் ஒட்டவே இல்லை.
துறைமுகத்தில் சாவிக்கொத்து விழுந்த அன்று
ஒன்றரை முழத்தில் மினுங்கியது.
கொக்கி ஒன்றரை முழம் போனது.
சாவி இன்னும் கீழே, சிரித்துக்கொண்டு.
கடைசியில் பூட்டைத்தான் உடைத்தோம்.

பதினொன்று ஐந்து.
தெற்கே கடல்விளிம்பு சிவக்கிறது.
பள்ளிக்கூட ஜன்னல்களில் நசுங்கிய மூக்குகள்,
வரிசை வரிசையாய்.
வருகிறது. வட்டமா அது?
உள்ளங்கையில் அழுத்திய முட்டைக்கரு,
அடி தட்டை, ஓரமெல்லாம் நடுக்கம்.
பதினாலு வருஷமாய் அது நசுங்கித்தான் வந்திருக்கிறது,
நான்தான் வட்டம் என்று எழுதிவைத்தேன்.
கீழ் ஓரம் கடலைவிட்டுப் பிரிகிறது.
இல்லை, பிரியவில்லை.
பிரிகிறது.

அசல் வரட்டும் என்று நின்றால்
இன்றைக்கு அது வராது.
விளிம்போடு விளிம்பாய் உருண்டு அப்படியே தணிந்துவிடும்.
என் மூக்குக்கண்ணாடி வேறு வளைக்கிறது.
கண்ணுக்குள் இருக்கிற நீரும் வளைக்கும், அவளைக் கேட்டால்.
கண்ணால் காண்பது பொய், சரி.
ஆனால் என் நிழல் விழுந்திருக்கிறது
பனிமேல், தேவாலயப் படி வரைக்கும்,
ஐம்பத்தெட்டு நாளுக்குப் பின் முதல் நிழல்.
வராத ஒருவர் போட்ட நிழல்.
கையை ஆட்டினேன். அதுவும் ஆட்டியது.

கயிற்றை இழுத்தேன்.

புதன்கிழமை இன்னொரு கட்டத்தாள்.
சூரியனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

"புகை முதலில் தெரிந்தது.
சத்தம் இரண்டேகால் விநாடி கழித்து.
குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டால்
என் மேஜையிலிருந்து நீங்கள் எழுநூற்று முப்பது மீட்டர்.
விடுமுறையில் தம்பியோடு கயிறு பிடித்து அளந்தேன்.
எழுநூற்று நாற்பத்தொன்று.
இந்தப் பதினோரு மீட்டர் யார் பிழை?"

விளக்கை இழுத்து வைத்து, பதிவேட்டைத் திறந்து,
அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.