ஊருணிச் செலவு

சிவமயம் என்று தொடங்குகிறது
பியாப்பம் கடைப் பேரேடு.
சாவி தொலைந்த பெட்டகத்தை உடைத்ததில்
என் பங்குக்கு வந்தது இது ஒன்று.
சீனா ஜாடிகளைப் பங்காளிகள்
எடுத்துக்கொண்டார்கள்.

பிரமோதூத வருஷம், தை.
நூறு கூடை நெல் நூற்றெழுபதிலிருந்து
எழுபதுக்கு வந்துவிட்டது என்று
மேலாள் சாத்தப்பன் எழுதுகிறார்.
இறக்கியது யார் என்று எழுதவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்காது.
லண்டனில் யாரோ தும்மியிருக்கலாம்.

வட்டி மட்டும் நம் கையில் இருந்தது.
ரங்கூன் தண்டாயுதபாணி முன்னிலையில்
மாதம் ஒருமுறை கூடி,
எந்தத் துரையையும் கேட்காமல்
நாமே போட்டுக்கொண்ட வட்டி.
எங்கள் வீட்டில் யாரும் இதைக்
குரல் தாழ்த்திச் சொன்னதில்லை.

நாலு பக்கம் தள்ளி, மறு ஆனியில்:
மவுங் போலா, பதினெட்டு ஏக்கர்.
முதல் நின்றது. வட்டி நின்றது.
நிலம் நம் பேருக்கு வந்தது.
மை கூடச் சிந்தவில்லை.

அந்த ஆனியிலேயே நேமத்தான்பட்டிக்கு
உண்டியல் வந்திருக்கிறது.
ஊருணிக்குச் செம்புறாங்கல் படி, நாலு பக்கமும்.
கொத்தனார் கூலி, சுண்ணாம்பு, கடுக்காய்,
பைசா வரைக்கும் கணக்கு.

ஜில்லா போர்டார் வந்து
ஊருணியை எங்களிடம் விடுங்கள் என்றபோது
ஊர் கூடி எழுதிய பதில்
எல்லோருக்கும் மனப்பாடம்:
'எங்கள் தண்ணீருக்கு நாங்களே சர்க்கார்.'

சின்ன வயதில் சிலிர்த்திருக்கிறேன்.
இப்போது அந்த 'எங்கள்' மேல்
விரலை வைத்துப் பார்க்கிறேன்.
கல் சுமந்த தெற்குத் தெரு அதில் இல்லை;
அவர்கள் குடம் மேல்படியிலேயே நின்றது,
யாராவது வந்து ஊற்றும்வரை.
படிக்குப் பணம் தந்தவனும் இல்லை;
தந்தது அவனுக்கே தெரியாது.

பிறகு நாமும் இழந்தோம்.
ஜப்பான்காரன் குண்டு,
அரக்கான் மலை வழியே நடை,
பர்மா சர்க்கார் எடுத்துக்கொண்ட வயல்.
அந்தக் கதையை நன்றாகவே சொல்வோம்.
போனதை எழுதி வைத்த பட்டியலில்
அந்தப் பதினெட்டு ஏக்கரும் இருக்கிறது,
நம் சொத்தாக.

கணக்கப்பிள்ளை அவன் பெயரை
மூன்று விதமாக எழுதியிருக்கிறார்.
போலா. போலை.
வாய்தா தவறிய மாதத்தில் மட்டும்
பொல்லா.

இன்று காலை ஊருணிப் படியில் உட்கார்ந்து
மூன்றையும் சொல்லிப் பார்த்தேன்.
தண்ணீர் கேன் ஏற்றிய வேன் ஒன்று
ஹாரன் அடித்து
கரையைச் சுற்றிக்கொண்டு போனது.