கழிவுபோக

இருபத்தைந்து பீடி ஒரு கட்டு.
நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம்.
உம்மா பீடித்தட்டோடு கடைக்குப் போனால்
செக்கர் விரலால் உருட்டி உருட்டிப் பார்த்து
இது இளைத்தது, இது வாய் கோணினது, இது நூல் பிரிந்தது என்று
மூன்று கட்டை ஒதுக்கித் தள்ளுவார்.
தள்ளினதைப் பற்றித்தான் பேசுவார்.
மிச்சம் முப்பத்தேழைப் பற்றி
மேலப்பாளையத்தில் இதுவரை எவரும்
ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

எனக்கும் அந்த வேலைதான் வாய்த்தது.

பதினான்கு வருஷம் கோல் காத்தேன்.
நூற்று நாற்பத்து மூன்று ஆட்டம்,
வாங்கினது நூற்று அறுபத்தொன்று.
அத்தனையையும் சொல்வேன்:
எந்தக் கால், எந்த மூலை,
வெயிலா, மின்விளக்கா,
அடித்தவன் பிறகு எந்தப் பக்கம் ஓடினான்.
பிடித்ததைக் கேட்காதீர்கள்.
பிடித்த பந்து
கையை விட்டுப் போனதும் மறந்துபோகிறது.

பாளையங்கோட்டையில் நாங்கள் ஆடின மைதானத்தில்
வடக்குக் கோல் பக்கம் நெருஞ்சி.
அங்கே யாரும் விழ மாட்டார்கள்.
நான் விழுந்தேன்.
தேர்வு அவ்வளவுதான், அணியில் சேர்த்துவிட்டார்கள்.
ராத்திரி உம்மா
இலை வெட்டுகிற கத்தரியின் முனையால்
முழங்கையில் முள் எடுத்தாள்.
"பந்து போனா போவட்டும்ல.
அதுக்கு நீ எதுக்கு விழுத?"
யோசித்துச் சொல்கிறேன் என்று
கொல்கத்தாவுக்கு ரயிலேறினேன்.

அங்கே சம்பளம் மூன்று மாதத்துக்கொருமுறை வந்தது.
மழை நாள் தவறாமல் வந்தது.
எனக்கு முன்னால் நின்ற நான்கு பேருக்கும் தமிழ் தெரியாது,
எனக்கு வங்காளம் தெரியாது,
தலைக்கு மேல் பந்து வரும்போது
யார் உட்கார்ந்து மொழிபெயர்க்க?
"ஏலேய்! பொறத்தால நிக்காம்லே!"
இரண்டாம் வருஷம்
அவர்களே ஒருவரையொருவர் ஏலேய் என்றார்கள்.
நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவன்
நடுவரை ஒருநாள் ஏலேய் என்றுவிட்டான்.
அர்த்தம் தெரியாமலேயே
அவர் மஞ்சள் அட்டையை எடுத்தார்.
அந்தச் சொல்லில் ஏதோ இருக்கிறது.

பத்திரிகையில் என் படம் பதினோரு முறை.
எல்லாவற்றிலும் வலை புடைத்திருக்கும்.
எவனோ ஒருவன் கையை விரித்துப் பறந்துகொண்டிருப்பான்.
உம்மா ஒன்றையும் விடவில்லை,
புகையிலைத் தூள் அப்பின டப்பாவில் மடித்து வைத்திருந்தாள்.
பக்கத்து வீட்டு மைமூன் பார்த்துவிட்டு
"இதுல உம்மவன் எது?" என்றாளாம்.
"கீழ கெடக்கான்லா,
அவந்தான் மசூது."

ஒரே ஒரு பெனால்டி பற்றிச் சொல்ல வேண்டும்.
சிலிகுரி. எண்பத்தெட்டாவது நிமிஷம்.
வலமா இடமா என்று முடிவுக்கு வர முடியாமல்
நின்றுவிட்டேன். வெறுமனே.
எப்படியும் விழுவான் என்று நம்பி
அவன் நடுவில் அடித்தான்.
நெஞ்சில் வாங்கினேன், மூச்சு நின்று வந்தது.
தைரியம் என்று எழுதினார்கள்.
படம் போடவில்லை.

முப்பத்தைந்து வயதில் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி.
முதல் வரியில் நன்றி.
கையுறைகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது இரண்டாவது.

போன மாதம் ரேஷன் கடையில்
இயந்திரம் என் விரலை ஏற்கவில்லை.
மோதிர விரல் இரண்டு தடவை ஒடிந்தது,
சுண்டு விரல் வேறு ஊரைப் பார்க்கிறது,
கட்டை விரலின் தோல்
எந்தெந்த மைதானத்திலோ.
உம்மா வைத்துப் பார்த்தாள்.
நாற்பது வருஷம் இலை சுருட்டின விரலில்
ரேகைக்கு எங்கே போவது?
"பத்தையும் வச்சுப் பாருங்க" என்றார் கடைக்காரர்.
பின்னால் வரிசை முனகியது.
ஒவ்வொன்றாய் முந்தானையில் துடைத்துத் துடைத்து
வைத்தாள்.
ஏழாவது விரலுக்குப் பச்சை விளக்கு.

"புடிச்சிட்டு" என்றாள்,
ஊருக்கே கேட்கிற மாதிரி.
பிறகு என் பக்கம் திரும்பி:
"பைய நல்லா விரிச்சுப் பிடில,
அரிசி சிந்தீராம."