கரண்ட் இல்லாத பிரிட்ஜ்

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு,
அரசனில்லாத கோட்டை என்று
வேலூருக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள்.
அக்கினி நட்சத்திரத்தின் பன்னிரண்டாம் நாள்
நானும் ஒன்று சேர்த்தேன்:
கரண்ட் இல்லாத பிரிட்ஜ்.

சத்துவாச்சாரியில், மலையை ஒட்டிய மாடி வீடு.
பகலெல்லாம் பாறை குடித்த வெயிலை
மாலையில் எங்கள் சுவர்மேல்தான் கக்கும்.
மூன்று மணிக்குப் போனது
ஆறாகியும் வரவில்லை.
"லைன்ல ஆள் இருக்காங்க மேடம்."
எந்த லைனில் என்று
அவர்களும் சொல்லவில்லை.

பிரிட்ஜுக்குள் ஒரு சீஸ் கட்டி,
சம்பள நாளின் துணிச்சலில் வாங்கியது,
மூலைகள் தளர்ந்து, வேர்த்துப்போய்,
பஸ்ஸில் நின்றே வந்த ஆள்போல உட்கார்ந்திருந்தது.
இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்குக் குப்பை.
சோறு என்று நினைத்தாலே
தொண்டை மூடிக்கொள்ளும் புழுக்கம்.

லாங்கு பஜார் ஜமீல் பாய் கடை ரொட்டி, நேற்றையது.
நேற்றையதுதான் இதற்கு நல்லது,
புதுசு பழச்சாற்றிடம் உடனே சரணடைந்துவிடும்.
தோசைக்கல்லில், நெய்கூட இல்லாமல்,
சிறு தீயில் கரண்டியால் அழுத்தி அழுத்தி,
நகத்தால் தட்டினால் டக்கென்று கேட்கும்வரை.
பிறகு அடுப்பை அணைத்துவிட்டேன்.
நெருப்பின் பங்கு அவ்வளவுதான்.

சீஸைத் துருவப் பார்த்தேன், துருவியின் பல்லில் அப்பிக்கொண்டது.
சரி போ என்று கரண்டி முதுகால்
சுண்ணாம்பு அடிப்பதுபோல் பூசினேன்.
மேலே பங்கனப்பள்ளி, மெல்லிய கீற்றாக.
இரண்டிரண்டு கறுப்புத் திராட்சை, பிளந்து, விதை எடுத்து.
டம்ளர் அடியில் நசுக்கிய மிளகு. புதினா ஓரிலை.
கடைசியில் ஜவ்வாதுமலைத் தேன்.
நூலாக விழ வேண்டும் என்பார்கள்,
இந்த ஊர் மே மாதத்தில்
அது குழாயாகவே விழும்.

எட்டுத் துண்டு வந்தது.
நின்றபடியே மூன்று தின்றேன்.
முறுக்கென்று உடைந்து, உப்பு கரித்து,
சண்டை ஆரம்பிக்கும் முன் மாம்பழம் வந்துவிட்டது.
மூன்றாவது முடிந்த பிறகுதான்
பசியே எடுத்தது.

மீதி ஐந்து.

கீழ்வீட்டு எஸ்தர் ராணியோடு
மார்ச் மாதம் மோட்டார் சண்டை.
யார் போட்டது, யார் நிறுத்த மறந்தது,
தொட்டி வழிந்து யாருடைய வடகத்தில் விழுந்தது.
அன்றிலிருந்து எங்கள் பேச்சு
கேட் தாழ்ப்பாள் வழியாகத்தான்.
அவள் சாத்தும் சத்தத்துக்கு
நான் சாத்தும் சத்தம் பதில்.

போன் வெளிச்சத்தில் இறங்கினேன்.
நைட்டிமேல் துண்டோடு படியில் உட்கார்ந்து
பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள்.
தட்டை நீட்டி
"சீஸ் கெட்டுப்போயிடும்" என்றேன்,
ஏதோ அவளால்தான் கெடுவதுபோல.

"இன்னாது இது, ரொட்டி மேல மாங்கா?"
"மாம்பழம்."
எடுத்தாள். இருட்டில்
அந்த முறுக் எனக்குக் கேட்டது.
கொசு அடித்துக்கொள்ளும் நேரம் வரை
ஒன்றும் பேசவில்லை.
"தேனு கொஞ்சம் ஓவரு" என்றாள்,
இரண்டாவதை எடுத்துக்கொண்டே.
"மீதி இருக்கட்டும். அவரு டூட்டி முடிஞ்சி வருவாரு.
சின்னவன் வேற எதையும் துன்ன மாட்றான்."

ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது.
தெருப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.
விடியற்காலை ஐந்தரைக்கு மோட்டார் ஓடியது.
நான் போடவில்லை.
வழிவதற்குக் கொஞ்சம் முன்னால்
நின்றது.

இன்றோடு இரண்டு நாள்,
தட்டு மேலே வரவில்லை.
வெறுந்தட்டாகக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?
சாயங்காலம் படிவழியாக
வடகம் பொரியும் வாசனை ஏறியது.
எனக்கென்று சொல்ல முடியாது.
இருந்தாலும்
சோறு வடித்து வைத்தேன்.