இரண்டு மணிக்கு அடுத்த ஆள்

பரிசுச் சீட்டில் ஒரு பொக்லைன் படம்.
அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன்,
முதலாளி பன்விட்ஸ் கணினியில் கட்டிவிட்டது.
கீழே பெயர்: அல்முட். வயது எழுபது.
குபென் ஊரில் காதுக்கருவி பொருத்தும் கடை.
மூன்று மகன்கள் சேர்ந்து வாங்கிய
அறுபது நிமிடம்.

கேபினுக்கு வெளியே படியில் தொற்றிக்கொண்டு
'மெல்ல, மெல்ல' என்பது என் வேலை.
சரளை தீர்ந்துபோன குவாரி இது.
எடுக்க எதுவுமில்லாத மண்ணை
எடுத்துப் பார்க்கக் காசு கொடுக்கிறார்கள்.
போலந்திலிருந்து அம்மா போனில் கேட்கிறாள்:
'தோண்டி என்னடி எடுக்கிறார்கள், டொரோட்டா?'
'போட்டோ' என்றேன்.

வருகிறவர்கள் லீவரைப் பிடித்துக் கைகுலுக்குவார்கள்.
இருபத்திரண்டு டன்னும் விக்கலெடுக்கும்.
போன வாரம் ஒரு வங்கி மேலாளர்
டயரை டயர்மேல் வைக்க முடியாமல்
டயரைத் திட்டினார், பெயர் சொல்லி.
(அது அவருடைய மேலதிகாரியின் பெயர் என்று
மனைவி பிறகு சொன்னார்.)

அல்முட் லீவரைப் பிடிக்கவே இல்லை.
இரண்டு விரலால் தொட்டார்,
அரைக்கடுகு அளவுத் திருகாணியை
அடுத்தவர் காதருகே முடுக்கிப் பழகிய விரல்கள்.
பேர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று
திரும்பிப் பார்க்கும் முகம்போல
இரும்புக் கை நிமிர்ந்து திரும்பியது.
நான் 'மெல்ல' சொல்ல மறந்தேன்.

வேலிக்கு அப்பால் மகன்கள்,
மூன்று ஹெல்மெட், மூன்று செல்போன்.
'டயரை அடுக்குங்கம்மா!
பந்தைத் தூக்கிப் பீப்பாயில் போடுங்க!
பழைய காரை நசுக்கலாம், அதுக்கும் கட்டியாச்சு!'

'பள்ளம் போதும்' என்றார் என்னிடம்.

மஞ்சள் மணல் வந்தது.
பிறகு சாம்பல் மணல்.
பிறகு ஒரு பலூனின் கிழிசல்,
யாருடைய ஐம்பதோ.
இரண்டரை மீட்டரில்
பக்கெட் பற்களின் தடத்துக்குள்
தண்ணீர் ஊறியது, கொஞ்சம் வானத்தோடு.

எஞ்சினை நிறுத்தினார்.
காது மூடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

சட்டைப்பையிலிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சு.
பாதி எனக்கு.
கேபினில் சாப்பிடக் கூடாது என்று
எழுதி ஒட்டியதே நான்தான்.
தோலைப் பள்ளத்து ஓரம் வீசினார்.
சூடு இறங்கும் இரும்பு டிக் டிக் என்றது.
மேலே எங்கோ ஒரு வானம்பாடி.
கீழே மணல், சிறிது சிறிதாக,
தண்ணீருக்குள் உதிரும் சத்தம்.
'நாற்பத்தொரு வருடமாக
ஊர் முழுக்கக் கேட்டுவிட்டேன்,
கேட்கிறதா, கேட்கிறதா என்று.'

ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது.
'உங்களுக்குக் கேட்கிறதா?' என்றேன்.

'உஷ்' என்றார்.

பத்தொன்பது நிமிடம்.
நிமிடத்துக்கு மூன்றரை யூரோ என்று
வேலியோரம் மூத்தவர் கணக்குப் போட்டிருப்பார்.
'மெஷின் ரிப்பேரா?' கத்தினார் நடுவில் உள்ளவர்.
கடைசி மகன் மட்டும் எப்போதோ
செல்போனைத் தாழ்த்தியிருந்தார்.

'மூடிவிட வேண்டுமா?'
'இரண்டு மணிக்கு அடுத்த ஆள். நாற்பது வயது.
அவருக்கும் தரை வேண்டும்.'
தலையசைத்தார்.
தோண்டியதைவிட நன்றாக மூடினார்.
வானத்தின்மேல் முதல் பக்கெட் மணலைக்
கொட்டவில்லை, இறக்கி வைத்தார்.

சான்றிதழில் 'அல்முத்' என்று அச்சாகியிருந்தது.
பரவாயில்லை என்றார்.

சாயங்காலம் நான் புல்டோசரில் ஏறி
அன்றைய பிறந்தநாள்களை எல்லாம்
ஒரே மட்டமாக்குவேன்.
நாற்பது, எழுபது, ஒரு பதினாறு,
எல்லாம் அதே மணல்.
மூன்றாவது சுற்றில் பிளேடுக்கு முன்னால்
மேலே வந்து கிடந்தது ஆரஞ்சுத் தோல்,
ஒரே சுருளாக, அறுபடாமல்.

பிளேடை விரற்கடை தூக்கினேன்.
தாண்டியதும் இறக்கினேன்.
முதலாளி பார்த்தால்
அந்த இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே என்பார்.

இருக்கட்டும்.
நாளைக் காலை ஒன்பது மணிக்கு
இரட்டையர்கள் வருகிறார்கள்.