பணிப்பதிவேடு

பெயர்: எமரென்சியாள். தகப்பனார் சூசை மரியான்.
ஊர் கடியபட்டணம்.
அங்க அடையாளம்: இடது முழங்கையில் தூண்டில் கிழித்த தழும்பு.
முனைவர் பட்டம்: லியேழ், பெல்ஜியம்.
ஆய்வு மொழி என்ற கட்டத்துக்கு
'வலோன்' என்று துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்.
நான் ஒரு லகரத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டேன்.

வல்லோன் மொழியில் முனைவர்.
சென்னை போய்த் திரும்பிய கோப்பின் ஓரத்தில்
பச்சை மையில் ஒரு கேள்வி:
'ஆண்டவன் மொழியா? இறையியலுக்கு அனுப்புக.'
திருத்தி வர ஏழு மாதம்.
ஏழு மாதமும் சம்பளம் இல்லை.
"அந்த ஆளுவளையும் இப்பிடித்தான் சாரே,
இல்லாத செக்சனுக்கே அனுப்பிட்டிருந்தாவ"
என்றார், என் மேசைமேல் கைப்பையை வைத்தபடி.

பிரெஞ்சு படிக்கத்தான் போனாராம்.
சுரங்கத்தை மூடிவிட்ட ஊர்.
மழைக்கு ஒதுங்கிய காய்கறிக் கடையில்
வேலை போன சுரங்கக்காரர் ஒருவர்
உருளைக்கிழங்கை 'க்ரோம்பீர்' என்று கேட்க,
கடைக்காரி பிரெஞ்சில் திருத்த,
அவர் முகம் போன போக்கை
இவர் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறார்:
ஏழாம் வகுப்பு, நாகர்கோவில்,
'குடிக்க வெள்ளம் வேணும் டீச்சர்' என்று எழுந்து நின்று
வகுப்பே சிரித்த அன்று,
கைகழுவும் இடத்துக் கண்ணாடியில்.

லாம்பேர் என்ற அந்த ஆள்
நாலு மாதம் பிடிகொடுக்கவில்லை.
அது மொழியே இல்லை, வெறும் பழக்கம் என்று
நல்ல பிரெஞ்சில் சொன்னார்.
இவர் ஒருநாள் கடியபட்டணத்துப் பேச்சிலேயே
கணியத்தைச் சொல்லிக் காட்டினார்.
எந்தக் கோயில் உச்சியை
எந்த மலைப்பள்ளத்தோடு சேர்த்துப் பிடித்தால்
வள்ளத்தின் அடியில் பார் கிடக்கும் என்று,
அப்பன் சொல்வதுபோல, கையை நீட்டி.
அவருக்கு ஒரு சொல் விளங்கவில்லை.
கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பற்றிய பேச்சு
என்பது மட்டும் விளங்கிற்று.
'க்ரிசு' என்றார் உடனே.
சுரங்கத்துள் விளக்கை நீலமாக்கி
ஆளைக் கொல்கிற வாயு.
பிரெஞ்சு எங்களிடம் வாங்கிப்போன சொல்,
இன்னும் திருப்பவில்லை என்றாராம்.

கல்லூரி அவருக்குக் கொடுத்தது முதலாண்டு பிரெஞ்சு.
இருபத்தாறு வருஷம்
'என் பெயர் பியேர். நான் ரயிலில் போகிறேன்.'
பதவி உயர்வு இரண்டுமுறை மறுப்பு.
காரணம்: பாடத்தோடு தொடர்பில்லாத ஆய்வு.
இரண்டையும் தட்டச்சு செய்தவன் நான்.

மாலை பஸ்ஸில் குளச்சல், முட்டம், மணக்குடி.
ஞாயிறு பூசை முடிந்தால் வலை காயும் இடம்.
பதினேழு செருப்புப் பெட்டி நிறைய அட்டைகள்:
இடப்பக்கம் வலோன், வலப்பக்கம் கடற்கரை.
நீவாட்டுக்கு நேராக இடப்பக்கம் காலி.
க்ரிசுவுக்கு நேராக வலப்பக்கம் காலி.
நிரப்பிவிடக் கூடாதா என்றேன்.
"காலியாட்டு இருக்கதத்தான் சாரே
பத்திரமா வைக்கணும்."

2017 டிசம்பர். விடுப்பு விண்ணப்பம், பதினொரு நாள்.
ரேடியோவில் தாழ்வு மண்டலம் என்றார்கள்,
மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றார்கள்,
அதையும் பிந்தித்தான் சொன்னார்கள்.
தம்பி மகன் ஆழ்கடலில்.
'காரணம்' என்ற கோட்டின்மேல்
ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.
தமிழ் எழுத்துதான். எனக்குத் தெரியாத சொல்.
இரண்டு அகராதி புரட்டினேன்.
முதல்வர் கையெழுத்துக்குக் காத்திருக்க,
அதை அடித்துவிட்டு
'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்.

மறுவருஷம் மே மாதம் ஓய்வு.
பென்ஷன் பாரத்தில் வலோன்,
லகரத்தை எண்ணிப் பார்த்துத் தட்டினேன்.
பெட்டிகள் கப்பலில் லியேழுக்குப் போயின;
சுங்கப் படிவத்தில் மதிப்பு: ஒன்றுமில்லை.

அடித்த சொல் இன்னும் தெரிகிறது,
தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால்.
கடியபட்டணம் பஸ் தினமும்
என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.
ஏறிப் போய்க் கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள்.
கேட்கவில்லை.