கீழிருந்து

மூன்று பத்திகள். மேலே மூன்று பெயர்கள்:
பேஸ், டிரெயில், சம்மிட்.
கீழே நாற்பத்தேழு வரிகள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே கறுப்புப் புள்ளி
அல்லது ஒரு கோடு.
கோடு என்றால் உனக்கு அவ்வளவுதான்.

விண்ட்ஹூக்கின் அந்தக் கண்ணாடிக் கடையில்
கசோம்பியாசே புள்ளிகளை எண்ணுகிறான்.
வங்கியில் பதினோரு வருடம்;
எண்ணாமல் அவனால் காபிகூடக் குடிக்க முடியாது.
"சம்மிட்டில் நாற்பத்தேழும் இருக்கு, உவேரி.
கூரை திறக்கும். நட்சத்திரம் பார்க்கலாம்."

நட்சத்திரத்துக்கு நான் எப்போது கூரை போட்டேன்?
மாதத்தில் பன்னிரண்டு இரவு
புரோஸ் பக்கம் ஏதாவதொரு பம்புக்கு அருகே
தார்ப்பாய் விரித்துப் படுக்கிறவள்.
எனக்கு வேண்டியது முப்பத்தோராம் வரி:
பின் அச்சுப் பூட்டு.
மணலில் ஒரு சக்கரம் வெறுமனே சுழல,
மற்றது சும்மா வேடிக்கை பார்க்கும்போது
இரண்டையும் சேர்த்துக் கட்டி
இழு என்று சொல்லும் ஒரு பொத்தான்.

பேஸில் அதற்கு எதிரே கோடு.
டிரெயிலில் புள்ளி,
புள்ளியின் தலையில் ஒரு பூக்குறி.
பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில்:
தோல் இருக்கைகளோடும்
இருக்கைச் சூடேற்றியோடும் சேர்த்து மட்டுமே.

"இருக்கைக்குச் சூடா? குனேனேயிலா?"
நவம்பரில் ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் தொடுவேன்.
விற்பவன் எலாகோ, நல்ல பையன்,
காலரைத் தொட்டுக்கொண்டான்.
"கம்பெனி அப்படித்தான் கட்டி அனுப்புது, மேடம்."
சுண்டைக்காய் கால் பணம்.
சுமைகூலி ஒரு மாட்டுத் தோலும் வெந்நீர்ப் பையும்.

பிறகு பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
ஜாக்கி எங்கே இருக்கிறது?

ஹோருசிப் ஆற்று மணலில் ஒரு பிப்ரவரி.
மேலே எங்கோ மழை பெய்திருந்தது, எனக்குத் தெரியாது.
பழைய வண்டியில் ஜாக்கி பின்தளத்துக்கு அடியில்;
தளத்தின்மேல் குழாய்ச் சுருள், ஜெனரேட்டர், இரண்டு டிரம் டீசல்.
எல்லாவற்றையும் இறக்கினேன்.
இறக்கி முடித்தபோது தண்ணீர் கணுக்காலில்,
பழுப்பாக, ஆட்டுப் புழுக்கைகளை மிதக்கவிட்டுக்கொண்டு.
வண்டி வந்தது.
ஜெனரேட்டர் வரவில்லை.

எலாகோவுக்குத் தெரியவில்லை.
பளபளத்த தரையில் மல்லாந்து படுத்தேன்.
என் கணவன் முதலில் வேறு பக்கம் பார்த்தான்,
பிறகு முட்டி போட்டு, போனில் டார்ச் அடித்தான்.
பேஸின் அடியில் நுழைந்தேன். அப்புறம் டிரெயில். அப்புறம் சம்மிட்.

கீழிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று.
அதே சட்டம், அதே கறுப்புப் பூச்சு.
எந்த ஊர்த் தொழிலாளியோ
மூன்றிலும் ஒரே மாதிரி மஞ்சள் சாக்கால் கிறுக்கியிருந்தான்.
சம்மிட்டில் மட்டும் வெள்ளி மினுக்கும் ஒரு படி தொங்கியது,
முதல் பாறைக்கான காணிக்கை.
பேஸில் அந்த ஒயர் இல்லை,
பின் அச்சுக்குள் போகிற, சுண்டுவிரல் தடிமன் ஒயர்.
ஆனால் துளை இருந்தது.
துளை போட்டுவிட்டு
ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள்.

ஜாக்கி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்.
மூன்றிலும்.

டிரெயிலுக்குக் கையெழுத்துப் போட்டோம்.
இருநூறு கிலோமீட்டர் அவன் பேசவில்லை.
ஒச்சிவரோங்கோ தாண்டி இருட்டியதும்
கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி,
"இப்படியும் தெரியுது" என்றான்.

இது ஜூலை.
ஒருபெம்பே, விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
வாளித் தண்ணீரின்மேல் மெல்லிய பனி ஏடு.
இரவு முழுக்கக் குழாய் இழுத்த முதுகோடு
வண்டிக்குள் ஏறினேன்.
நாற்பது மைலுக்கு ஆளில்லை,
இருந்தும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு
அந்தப் பொத்தானை அழுத்தினேன்.
கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை. இரண்டாம் நிலை.

கசோம்பியாசேயிடம் இதைச் சொல்லவில்லை.
பூட்டை இன்றுவரை
ஒருமுறைகூடப் போடவில்லை என்பதையும்.