வலமிருந்து இடம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
நௌசாத் நாநாவின் வாடகைப் புத்தகக் கடை.
பதினெட்டுக்கு மேல் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மங்கா
ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதித் தருகிறேன்.
கூலி: வாடகை இல்லை.

முதல் வாரம் இடமிருந்து வாசித்தேன்.
காதலர்கள் பிரிந்தார்கள், அப்புறம் சண்டை,
அதற்கப்புறம் ஒரு குடைக்குள் அறிமுகம்.
நாநா சிரித்தார்.
அரபு ஓதிப் பழகிய கண் அவருக்கு.

ஒன்று: பேய்க்குக் கால் இருக்கிறது.
அரைப் புள்ளி குறைத்தேன்.
இரண்டு: செத்த புருஷன் இரவில் வந்து
பீங்கான் கழுவி வைக்கிறான்,
உயிரோடு இருக்கிற எவனும் எங்கள் லயத்தில் செய்யாதது.
ஒரு புள்ளி கூட்டினேன்.
மூன்று: முத்தம் வருகிற பக்கத்தில்
யாரோ தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார்கள்.
நான்கு வரவேயில்லை.

ஐந்தில், பனி விலக விலக அவன் மெலிகிறான்.
தோளுக்குள்ளே மரங்கள் தெரிகின்றன,
பிறகு மரங்கள் மட்டும்.
அவளுக்கு என் வயது, நாற்பத்தொன்று.
ஸ்டிக்கரில் பதினெட்டு போதாது என்று எழுதினேன்.

கரண்ட் போன இரவு, போன் வெளிச்சத்தில்,
வேண்டுமென்றே பிழையான பக்கமிருந்து திறந்தேன்.
ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று.
மரங்களுக்கு நடுவே ஒரு தோள் வந்தது.
கழுவிய பீங்கானில் சோறு வந்தது.
இருமினான். இருமல் நின்றது.
யாரிடமோ குடை இரவல் கேட்டுக்கொண்டு
மழையில் நின்றான்.

நாநா,
ஐந்தாம் தொகுதிக்கு மூன்றரைப் புள்ளி.
புத்தகம் இன்னும் என்னிடம்தான்.
சனிக்கிழமை பார்ப்போம்.
தவமலர்